அறையுட் பயிரும் விளக்கொளியும்

ஞாயிற்றொளி ஆண்டு முழுவதும் குறைவறப் பொழியும் நாட்டிலே விளக்கை ஏற்றிவைத்துப் பயிர் வளர்த்தல் பட்டப்பகலிற் பந்தம் பிடிப்பதை ஒக்கும் என்று சிலர் நகைத்தல் கூடும். அந்நகைப்பில் உண்மை இல்லாமலில்லை. அதனை இக்கட்டுரையின் இறுதியில் எண்களாற் காண்போம். ஆயினும் விளக்கொளியிற் பயிர் வளர்த்தற்கு உரிய இடங்களும் சில உள. வாழை, ஓர்க்கிட்டு முதலியவற்றின் நுண்ணிய இழையங்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்க்கும் ஆய்வுகூடங்கள் வெயிலை நேரே ஏற்க இயலா; மூடிய கலம் வெயிலில் வெம்பி, உள்ளிருக்கும் இழையம் அழியும். விதைகளின் முளைதிறனைச் சோதிப்போர்க்கும், இரு பயிர்களை ஒப்பிட்டு ஆராயும் மாணவர்க்கும், முகிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறாத ஒரே அளவான ஒளி வேண்டும். நகரத்து மாடிவீடுகளில் முற்றமின்றி வாழ்வோர்க்கோ அறையிலுள்ள ஓர் அடுக்குத் தட்டே தோட்டமாகின்றது. இவர்களெல்லாம் விளக்கைத் தேர்ந்தெடுக்குமிடத்து எதனை அளவாகக் கொள்ளல் வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலர் ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே தட்டொன்றில் மிளகாய் விதைகளை இட்டு, கூரையிலிருந்த விளக்கைக் காலை முதல் இரவுவரை எரியவிட்டனர். விதைகள் ஒழுங்காக முளைத்தன. இரண்டாம் வாரத்தில் நாற்றுக்கள் நூல்போல் நீண்டு, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. மூன்றாம் வாரத்தில் எல்லாம் மடிந்தன. நீர் மிகுந்தது என்றும், மண் தீது என்றும், விதை பழையது என்றும் ஆசிரியராகிய நாம் பல காரணங் கூறினோம். அவை யாவும் பிழை. “இவ்வறையிலே புத்தகம் வாசிப்பதற்கு ஒளி போதுமே, செடிக்கு மட்டும் ஏன் போதாமற் போயிற்று?” என்று மாணவன் ஒருவன் வினவினான். அதுவே சரியான வினா. அதற்கு விடை காண்பதற்குத் தாவரம் ஒளியை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதனை முதலில் அறிதல் வேண்டும்.

ஒளியே உணவாதல்

1771 ஆம் ஆண்டில் யோசேப்பு பிரீசிலி என்னும் ஆங்கில அறிஞர், மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றிலே புதினாக் கிளையொன்றை வைத்து, சில நாட்களின் பின் அக்காற்றில் மெழுகுதிரி மீண்டும் எரிவதைக் கண்டார். தாவரம் காற்றைத் தூய்மையாக்குகின்றது என்பது புலனாயிற்று; ஆயின் அதற்கு ஒளி இன்றியமையாதது என்பதனை அவர் உணர்ந்திலர். ஒல்லாந்தரான இங்கன்கௌசு என்பாரே 1779 இல் வெளியிட்ட தம் நூலில், தாவரத்தின் பச்சை நிறமான உறுப்புக்கள் மாத்திரமே, அதுவும் ஒளியிலிருக்கும்போது மாத்திரமே, இவ்வாறு செய்கின்றன என்று நிறுவினார். காபனீரொட்சைட்டையும் நீரையுங் கொண்டு, ஒளியின் துணையால், இலை வெல்லத்தை ஆக்கி ஒட்சிசனை வெளிவிடுகின்றது என்பது பின்வந்தோர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இச்செயலையே ஒளித்தொகுப்பு என்கின்றோம்.

ஞாயிற்றின் ஒளிக்குப் பதிலாக விளக்கின் ஒளி இத்தொழிலைச் செய்யுமா? இவ்வினாவுக்குப் பெரிய அளவில் விடை தேடியவருள் ஒருவர், மின்பொறியியலாற் புகழ்பெற்ற வில்லியம் சீமன்சு என்பார். அவர் 1880 இல், இங்கிலாந்திலிருந்த தம் இல்லத்தோட்டத்திலே மின்வில் விளக்கின் ஒளியிற் பயிர்களை வளர்த்து, இரவிலும் பயிர் வளருமாறு செய்யலாம் எனக் காட்டினார். அவ்விளக்கின் வெற்றொளி இலைகளைக் கருக்கியது. இடையே கண்ணாடியை வைத்தபோது அத்தீங்கு நீங்கிற்று. கண்ணுக்குப் புலனாகாத ஊதாகடந்த கதிர்களைக் கண்ணாடி தடுத்தமையே அதற்குக் காரணம். கண்ணுக்குத் தோன்றுவது ஒன்று, இலைக்கு நேர்வது மற்றொன்று என்னும் பாடத்தை இத்துறை தன் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

ஒளியானது தொடர்ச்சியாக ஓடும் வெள்ளம்போற் காணப்படினும், அது உண்மையில் எண்ணத்தக்க சிறு சிறு சத்திச்சொட்டுக்களாகவே இலையை வந்தடைகின்றது. இவற்றைப் போட்டன்கள் என்றும் ஒளிச்சொட்டுக்கள் என்றும் வழங்குவர். இலையின் பச்சையத்தை வந்தடையும் ஒவ்வொரு சொட்டும் ஓர் இலத்திரனை உயர்நிலைக்குத் தூண்டுகின்றது. காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூற்றை வெல்லமாக மாற்றுதற்குக் குறைந்தது எட்டுச் சொட்டுக்கள் வேண்டும். ஆகவே தாவரத்துக்கு ஒளி என்பது எண்ணிக்கை. எத்தனை சொட்டுக்கள் இலையில் வீழ்ந்தன என்பதே அதன் கணக்கு.

இதனோடு மற்றொரு செலவையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். தாவரமும் நம்மைப்போல் இரவும் பகலும் சுவாசிக்கின்றது. சுவாசத்தால் தான் தேடிய வெல்லத்தைச் செலவிடுகின்றது. ஒளி குறையக் குறைய வரவு குறைந்து, ஒரு நிலையில் வரவும் செலவும் சமமாகும். இதனை ஈடுசெய் ஒளிநிலை என்பர். அந்நிலைக்குக் கீழே வைக்கப்பட்ட செடி விளக்கின்கீழ் இருந்துகொண்டே பட்டினி கிடக்கின்றது. விதையிற் சேமித்த உணவு உள்ளவரை அது வளர்வதுபோற் காணப்படும். முதல் தீர்ந்ததும் மடியும். நம் மிளகாய் நாற்றுக்களுக்கு நேர்ந்தது இதுவே.

கண்ணின் அளவும் இலையின் அளவும்

விளக்கு விற்குமிடங்களில் ஒளியின் அளவு இலுமென் என்னும் அலகினாற் குறிக்கப்படுகின்றது. ஒரு சதுர மீற்றரில் வீழும் இலுமென் தொகை இலக்சு எனப்படும். இவ்விரண்டும் மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்ட அளவுகள். நமது கண் 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பசுமை கலந்த மஞ்சள் ஒளியை மிகுதியாக உணரும். சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவே உணரும். ஆகையால் அவ்வளவுகள் பச்சையொளிக்கு மிகுந்த மதிப்பளித்து, சிவப்புக்கும் நீலத்துக்கும் மதிப்பைக் குறைத்துவிடுகின்றன. இலையோ சிவப்பையும் நீலத்தையும் விருப்போடு ஏற்பது.

தாவரவியலார் இக்காரணத்தால் வேறோர் அளவைக் கையாள்வர். 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒளிச்சொட்டுக்களில், ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனில் எத்தனை மைக்குரோமூல் வீழ்கின்றன என்பதே அவ்வளவு. ஒரு மூல் என்பது ஏறத்தாழ 6 இன் பின் இருபத்துமூன்று சுழியம் இட்டுப் பெறும் எண்; மைக்குரோமூல் அதன் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவினை இக்கட்டுரையில் ‘சொட்டளவு’ என்று சுருங்கக் கூறுவோம். தெளிந்த நாளின் நண்பகல் வெயிலில் இவ்வளவு ஏறத்தாழ 2000 ஆகும். வெள்ளொளி தரும் சாதாரண விளக்குக்களுக்கு, இலக்சு அளவை 70 ஆல் வகுத்தால் சொட்டளவு ஏறத்தாழக் கிடைக்கும். வெயிலுக்கு 54 ஆல் வகுத்தல் வேண்டும்.

இனி மாணவன் வினவிய வினாவுக்கு விடை காண்போம். வாசிப்பதற்கு நல்ல ஒளியுள்ள அறையிலே மேசைமீது 300 முதல் 500 இலக்சு வரை இருக்கும். 70 ஆல் வகுத்தால் கிடைப்பது 4 முதல் 7 வரையான சொட்டளவே. வெயிலை விரும்பும் தாவரங்களின் ஈடுசெய் ஒளிநிலையோ 10 முதல் 20 வரை. வாசிப்பவனுக்கு வயிறார விருந்தாகும் ஒளி, மிளகாய் நாற்றுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கும் போதாது. இவ்வேறுபாட்டை நமது கண் ஏன் உணர்த்தவில்லை? வெயிலிலிருந்து அறையினுள் வந்ததும் கண்மணி விரிகின்றது. விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது. இருநூறு மடங்கு குறைந்த ஒளியிலும் நாம் இடரின்றி வாசிக்கின்றோம். கண்ணுக்கு இது பெரும் பேறு. ஒளியை அளக்கும் கருவியாகக் கொள்ளின் அதுவே பெருங் குறை.

செல்பேசிகளில் உள்ள ஒளியுணரியைக் கொண்டு இலக்சு அளவைக் காட்டும் செயலிகள் இக்காலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை நுட்பமான கருவிகள் அல்லவாயினும், 500 இலக்சையும் 15,000 இலக்சையும் வேறுபடுத்திக் காட்டப் போதியன. செல்பேசியை இலைமட்டத்தில், உணரி மேனோக்கியிருக்க வைத்து அளத்தல் வேண்டும். வெள்ளொளிக்கு மாத்திரமே இம்முறை பொருந்தும். சிவப்பும் நீலமுங் கலந்த ஊதா விளக்கின்கீழ் இலக்சு அளவு பொருளற்றது.

நாள் முழுவதற்குமான கணக்கு

நாட்கூலி பெறுபவனின் வருவாய் மணிக்கூலியால் மாத்திரம் அமையாது, வேலை செய்த மணித்தியாலங்களாலும் அமைவதுபோல, செடியின் வருவாயும் சொட்டளவையும் நேரத்தையும் பெருக்கி அறியத்தக்கது. ஒரு நாளிலே ஒரு சதுர மீற்றரில் வீழும் சொட்டுக்களின் முழுத்தொகை மூல்களாற் கூறப்படும். சொட்டளவு 200 ஆகவும் நேரம் 16 மணித்தியாலமாகவும் இருப்பின், 200 ஐ 57,600 செக்கன்களாற் பெருக்க 11.5 மூல் வரும்.

நிழலை விரும்பும் அழகுச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 6 மூல் வரை போதும். மிளகாய், தக்காளி முதலியவற்றின் இளநாற்றுக்களுக்கு 6 முதல் 12 வரை வேண்டும். லெட்டியூசு என வழங்கும் சலாதுக்கீரைக்கு 12 முதல் 17 வரை நன்று. தக்காளி காய்த்துப் பயன்தர 20 இற்கு மேல், விரும்பத்தக்கதாக 30 வரை தேவை. நம் நாட்டிலே தெளிந்த நாளில் திறந்த வெளி ஏறத்தாழ 40 மூல் பெறும். நம் மாணவரின் தட்டு பெற்றதோ, சொட்டளவு 5 என்றும் நேரம் 16 மணித்தியாலம் என்றுங் கொண்டால், 0.3 மூலுக்கும் குறைவு.

நேரத்தைக் கூட்டுவதால் குறைந்த ஒளியை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆயினும் அதற்கு எல்லையுண்டு. தக்காளியை இரவு பகலாக ஒளியில் வைத்தால் இலைகள் மஞ்சளித்துக் கெடும். அன்றியும் பல தாவரங்கள் இரவின் நீளத்தைக் கொண்டே பூக்கும் பருவத்தை அறிகின்றன. அமெரிக்காவிலே கானர், அலாட் என்னும் இருவர் புகையிலையையும் சோயா அவரையையும் ஆராய்ந்து 1920 இல் இவ்வுண்மையை வெளியிட்டனர். செவ்வந்தி நீண்ட இரவைப் பெற்றாலன்றிப் பூவாது. நள்ளிரவிற் சிறிது நேரம் விளக்கேற்றினும் அது பூப்பதை ஒத்திவைக்கும். வடபாகத்தில் நமது நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சிறிது மேல். ஆயினும் வெப்ப நாடுகளின் பழைய நெல்வகைகள் பல அச்சிறு வேறுபாட்டையும் உணர்ந்தே கதிர் தள்ளுகின்றன. ஆகவே கீரைக்கும் நாற்றுக்கும் 14 முதல் 16 மணித்தியாலம் வரை ஒளியும், எஞ்சிய நேரம் இருளும் தருதலே பொதுவாக ஏற்றது. ஆளியைக் கையால் இயக்குவோர் ஒரு நாளாவது மறப்பர். சிறிய நேர ஆளியொன்றை வாங்கிப் பொருத்துதல் நன்று.

நிறத்தைப் பற்றிய மயக்கம்

1882 இல் எங்கெல்மான் என்னும் செருமானிய அறிஞர், பாசி இழையொன்றின்மீது அரியத்தாற் பிரித்த ஒளியின் நிறங்களை வீழ்த்தி, ஒட்சிசனை நாடிச் செல்லும் பற்றீரியாக்களை அந்நீரில் விட்டார். சிவப்பும் நீலமும் வீழ்ந்த இடங்களிலே அவை திரண்டன. ஒளித்தொகுப்பு அவ்விடங்களில் மிகுதி என்பது கண்கூடாயிற்று. இவ்வழகிய பரிசோதனை பாடநூல்களில் இடம்பெற்றதன் பயனாக, பச்சையொளி தாவரத்துக்குப் பயனற்றது என்னும் எண்ணமும் பரவிற்று. அது முற்றும் உண்மையன்று. 1972 இல் மக்கிரீ என்பார் 22 பயிர்வகைகளின் இலைகளை அளந்து வெளியிட்ட முடிவுகள், சிவப்பு முதன்மையானதாயினும் பச்சையும் கணிசமான பயன் தருவதைக் காட்டின. இலை பச்சையாகத் தோன்றுவது பச்சையொளி முழுவதையும் திருப்பியனுப்புவதால் அன்று. ஏனைய நிறங்களைவிடச் சிறிது கூடுதலாகத் திருப்பியனுப்புவதாலேயே. மேலும் பச்சையொளி இலையினுள் ஆழமாகச் சென்று, கீழுள்ள கலங்களுக்கும் தொழில் கொடுக்கின்றது.

ஊதா நிற விளக்குக்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் இங்கு அறிதல் தகும். 1980 களின் இறுதியில் விண்வெளியிற் பயிர் வளர்க்கும் நோக்கத்தோடு ஆராய்ந்தோர், சிறிதும் பாரமற்றதுமான சிவப்பு ஒளிகாலும் இருவாயிகளைக் கையாண்டனர். எல்.ஈ.டி. என்று நாம் இன்று வழங்குவது இதுவே. திறமான நீல இருவாயி 1990 களின் முற்பகுதியில் யப்பானிய அறிஞர்களால் ஆக்கப்பட்டது. அதன்பொருட்டு அகசாக்கி, அமனோ, நாக்கமுரா என்னும் மூவருக்கு 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015 இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலே விண்வெளிவீரர் தாம் அங்கு வளர்த்த செந்நிறச் சலாதிலையை உண்டனர். சிவப்பையும் நீலத்தையும் மட்டும் இணைத்தல் மின்சத்தியைச் சிக்கனமாக்கும் வழி. ஆயின் வீட்டுக்குப் பயிர்விளக்கு வாங்குவோர் ஊதா நிறமே தரத்தின் அடையாளம் என்று கருதுதல் தவறு. ஊதா ஒளியில் இலைகளின் உண்மை நிறம் தெரியாது. நோயும் பூச்சியும் மஞ்சளிப்பும் கண்ணுக்குத் தப்பிவிடும். நீல இருவாயியின்மேல் ஒளிருபொருள் பூசி ஆக்கப்படும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கிலே நீலம், பச்சை, சிவப்பு யாவும் உள. சிறு தோட்டத்துக்கு அதுவே பெரும்பாலும் ஏற்றது.

நிறத்தாற் பயனில்லை என்பது இதன் கருத்தன்று. உணவு ஒரு புறமிருக்க, தாவரம் ஒளியின் நிறத்தைச் செய்தியாகவும் கொள்கின்றது. நீலம் தண்டின் நெட்டுயர்வைக் கட்டுப்படுத்திச் செடியைக் குறுகியதாகவும் உறுதியாகவும் ஆக்கும். சிவப்புக்கு அப்பாலுள்ள செந்நிறக்கடைக் கதிர் மிகுந்தால், தன்மேல் வேறொரு செடி நிழல் செய்கின்றது என உணர்ந்து தண்டு நீளும். 1952 இல் அமெரிக்காவின் பெல்சுவில் ஆய்வுநிலையத்தார், சலாது விதைகள் சிவப்பொளியில் முளைப்பதையும், உடனே செந்நிறக்கடைக் கதிரைக் காட்டின் அவ்விளைவு அழிவதையுங் கண்டு, பைற்றோகுரோம் என்னும் நிறப்பொருளின் செயலை வெளிப்படுத்தினர். வெள்ளை விளக்குக்களில் 2700 கெல்வின் எனக் குறிக்கப்பட்டவை சிவப்பு மிகுந்தவை. 6500 கெல்வின் எனக் குறிக்கப்பட்டவை நீலம் மிகுந்தவை. நாற்றுக்களுக்கு 4000 முதல் 6500 வரையுள்ளவை நன்று. ஆயினும் நிறத்தால் வரும் வேறுபாடு, அளவு போதாமையால் வரும் கேட்டின்முன் சிறியது. முதலில் அளவு, பின்னரே நிறம்.

விளக்கு வகைகள்

இழைவிளக்கு தங்குதன் இழையை வெப்பமாக்கி ஒளிதருவது. அது பெறும் மின்சத்தியில் மிகப் பெரும் பங்கு வெப்பமாகவே கழியும். பயிரை அண்மையில் வைத்தாற் கருகும். தொலைவில் வைத்தால் ஒளி போதாது. இது தள்ளத்தக்கது. புளோரொளிர் குழல் விளக்கு 1938 இல் விற்பனைக்கு வந்து, நெடுங்காலம் இழைய வளர்ப்பு அறைகளின் விளக்காக விளங்கிற்று. அது வெப்பம் குறைந்தது. ஒளியைச் சீராகப் பரப்புவது. ஆயின் அதனுள் இரசம் உண்டு; மினமாற்றா உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் 2023 இற் கூடி, 2027 ஆம் ஆண்டுடன் அத்தகைய நீள்குழல்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் நிறுத்த உடன்பட்டன. கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். புதிதாக அதிற் பொருள் செலவிடல் வேண்டா. உயரழுத்தச் சோடியம் விளக்கு பெரிய பசுமைவீடுகளுக்கு உரியது. அதன் வெப்பம் சிற்றறைக்குப் பொருந்தாது. எஞ்சி நிற்பது எல்.ஈ.டி. விளக்கே.

எல்.ஈ.டி. விளக்குக்களுள்ளும் தரவேறுபாடு உண்டு. ஒரு யூல் மின்சத்திக்கு எத்தனை மைக்குரோமூல் ஒளிச்சொட்டுக்களை விளக்கு தருகின்றது என்பதே அதன் திறன். ஒரு வாற்றுக்கு 100 இலுமென் தரும் சாதாரண வீட்டு விளக்கு ஏறத்தாழ 1.4 தரும். பயிருக்கென ஆக்கிய நல்ல விளக்கு 2.5 அல்லது அதற்கு மேலும் தரும். உறையிலே ‘முழு நிறமாலை’ என்றும் ‘1000 வாற்றுக்குச் சமம்’ என்றும் அச்சிட்டிருப்பதால் ஒன்றும் விளங்காது. உண்மையில் எத்தனை வாற்று மின்சத்தியை உள்ளெடுக்கின்றது, எத்தனை மைக்குரோமூலை வெளிவிடுகின்றது என்னும் இரண்டையும் தேடுக. இரண்டாவது குறிக்கப்படாத விளக்கை ‘பயிர்விளக்கு’ என்னும் பெயருக்காக மிகுவிலை கொடுத்து வாங்குவதிலும், இலுமென் அளவு தெளிவாகக் குறிக்கப்பட்ட சாதாரண வெள்ளை விளக்கை வாங்குதல் மேலானது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

120 சதமமீற்றர் நீளமும் 40 சதமமீற்றர் அகலமுமுள்ள தட்டொன்றிலே சலாது வளர்க்க விரும்புகின்றோம் என்க. பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர். சொட்டளவு 200 வேண்டுமாயின், இலைகளில் ஒரு செக்கனுக்கு 100 மைக்குரோமூல் வீழ்தல் வேண்டும். விளக்கு விடும் ஒளியில் ஒரு பகுதி பக்கங்களிற் சிதறும். நூற்றுக்கு 70 பங்கு இலையை அடையும் எனக் கொண்டால், விளக்கு 143 மைக்குரோமூல் தருதல் வேண்டும். திறன் 1.4 ஆயின் இதற்கு ஏறத்தாழ 100 வாற்று, அதாவது 20 வாற்று எல்.ஈ.டி. குழல்கள் ஐந்து தேவை. திறன் 2.5 ஆயின் 57 வாற்றே போதும்.

நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் எரிப்பின், முன்னையது 1.6 அலகு மின்சாரத்தையும் பின்னையது 0.9 அலகையும் செலவிடும். விதையிலிருந்து அறுவடைவரை 40 நாள் எனக் கொள்ளின், முன்னையதற்கு 64 அலகும், பின்னையதற்கு 37 அலகுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். ஆண்டு முழுவதும் எரிக்கக் கருதுவோர் விலை கூடிய விளக்கை வாங்குதல் இலாபம். ஆண்டில் ஒரு மாதம் நாற்று வளர்ப்போர்க்கு மலிவான விளக்கே சிக்கனம். இவ்வாறு ஒவ்வொருவரும் தத்தம் தட்டின் பரப்பு, பயிர், நேரம் என்பவற்றை இட்டுக் கணக்கிடலாம்.

விளக்கின் இடமும் காப்பும்

எத்துணை நல்ல விளக்காயினும் தொலைவில் இருந்தாற் பயனில்லை. சிறு குமிழொன்றின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். 25 சதமமீற்றரிலிருந்து 2 மீற்றருக்கு உயர்த்தின் தூரம் எட்டு மடங்காகி, ஒளி அறுபத்துநான்கில் ஒரு பங்காகும். நெருங்க வைத்த குழல் வரிசையில் இக்குறைவு அத்துணை விரைவானதன்று. ஆயினும் இலைக்கும் விளக்குக்கும் இடையே 15 முதல் 30 சதமமீற்றர் வரை இருத்தலே ஏற்றது. செடி வளர வளர விளக்கை உயர்த்தும் வகையிற் சங்கிலியாலோ கயிற்றாலோ தொங்கவிடல் நன்று. தட்டின் பக்கங்களுக்கு வெண்ணிறம் பூசிய பலகையை வைத்தால், வெளியே சிதறும் ஒளியிற் பெரும் பங்கு பயிருக்கு மீளும். செலவில்லாத விளக்கு அதுவே.

எல்.ஈ.டி. விளக்கும் தான் பெறும் சத்தியிற் பாதியளவோ அதற்கு மேலோ வெப்பமாக்கும். நாற்புறமும் அடைத்த அலுமாரியில் அது பயிரை வாட்டும். சிறு மின்விசிறியொன்று வெப்பத்தை அகற்றுவதோடு, இலையைச் சூழக் காபனீரொட்சைட்டு குறையாமலும் பேணும். நீரும் மின்சாரமும் ஒரே தட்டில் இருப்பதால், புவித்தொடுப்பு இல்லாத செருகிகளையும் ஒட்டுப்போட்ட வடங்களையும் கையாளல் ஆகாது. மின்னொழுக்கு நேர்ந்தவுடன் தானே துண்டிக்கும் ஆளி அவ்விணைப்பில் இருத்தல் வேண்டும். நீர் விடுமுன் விளக்கை அணைத்தல் வழக்கமாதல் வேண்டும்.

அளவு சரியோ பிழையோ என்பதைப் பயிரே சில நாட்களிற் சொல்லும். கணுவிடை நீண்டு, இலை சிறுத்து வெளிறி, ஒருபக்கம் சாய்வது ஒளிக்குறைவின் அடையாளம். மேலிலைகள் சுருண்டு வெளுத்தல் மிகையொளியின் அல்லது வெப்பத்தின் அடையாளம். முன்னையதற்கு விளக்கைத் தாழ்த்துக, பின்னையதற்கு உயர்த்துக.

மிளகாய் நாற்றுக்களை இழந்த மாணவர் மறுமுறை அதே விதையையும் அதே மண்ணையுமே கொண்டனர். விளக்குக்களை மாத்திரம் கூரையிலிருந்து தட்டின் மேலே ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினர். நாற்றுக்கள் குட்டையாகவும் தடித்தும் கரும்பச்சையாகவும் எழுந்தன. நாம் குறைகூறிய மண்ணும் விதையும் குற்றமற்றவை என்பது அன்று தெளிவாயிற்று.

முடிவுரை

விளக்கைத் தேர்வோர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இப்பயிருக்கு நாளொன்றுக்கு எத்தனை மூல் ஒளி வேண்டும்? இவ்விளக்கு, இத்தூரத்தில், இத்தனை மணித்தியாலத்தில் அதனைத் தருமா? அதற்கு ஆகும் மின்சாரம் எவ்வளவு? இவற்றுக்கு விடை கண்டபின் நிறமும் பெயரும் விளம்பரமும் தத்தமக்குரிய சிறிய இடத்தில் அடங்கிவிடும்.

தொடக்கத்திற் கூறிய நகைப்புக்கும் இப்போது விடை கூறலாம். அதே அரைச் சதுர மீற்றர் நிலம் முற்றத்திலே தெளிந்த ஒரு நாளிற் பெறும் ஒளி ஏறத்தாழ 20 மூல். அதனை நம் வீட்டு விளக்குக்களாற் பெறுவதாயின், நாள்தோறும் ஐந்து அல்லது ஆறு அலகு மின்சாரம் செலவாகும். ஒரு பாய் விரிக்கும் அளவிலும் குறைந்த நிலத்துக்கே இக்கணக்கு. முற்றமுள்ளவர் முற்றத்திலே பயிரிடுக. அஃதில்லாதவர்க்கும், ஆராய்ச்சி செய்வோர்க்கும், இழையமும் இளநாற்றும் வளர்ப்போர்க்கும் விளக்கு துணையாகுக. தைத்திங்கள் முதனாளிற் பொங்கலிட்டு ஞாயிற்றுக்கு நன்றி கூறும் நாம், அந்நன்றிக்குரிய கொடை எவ்வளவிற்று என்பதனை ஒரு சிறு தட்டுக்கு விளக்கேற்றி மின்கட்டணச் சீட்டைக் காணும்போது செவ்விதின் உணர்வோம்.